‘எல்லா உரிமைகளும் இதழுக்கே’ என்ற வரியில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான்கு வருடங்களாக அறிவியல் சிறுகதைகள் எழுதுகிறேன். முதலில் தமிழில் எழுதி, பிறகு நானே ஆங்கிலத்திலும் எழுதிக்கொள்வேன். கையில் 14 கதைகள் இருக்கின்றன. மூன்றை ஆங்கில இதழ்களுக்கு அனுப்பினேன். மூன்றும் இரண்டு வரிப் பதிலோடு திரும்பிவிட்டன. வெறுத்துப்போய் ஐந்து கதைகளை என் இணையதளத்தில் போட்டுவிட்டேன், மூன்று தமிழில், இரண்டு ஆங்கிலத்தில். போன மாதம் ஓர் ஆங்கில இணைய இதழ், சனியின் நிலவான டைட்டனில் நடக்கும் என் 4,800 சொல் கதையை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தில் ‘கதையின் எல்லா உரிமைகளும் இதழுக்கே’ என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? கதை வந்தபின் அதை வாசகர்களிடம் எப்படிக் கொண்டுபோவது? ஃபேஸ்புக்கில் போட்டால் முப்பது லைக் வருகிறது, படித்தேன் என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை.

அன்புள்ள வாசகருக்கு,

அந்த வரி இருக்கும்வரை போடாதீர்கள். முதல் கதை ஏற்கப்பட்ட சந்தோஷத்தில், எங்கே கேள்வி கேட்டால் கதையை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வருவது இயல்பு. ஒப்பந்தத்தில் திருத்தம் கேட்பது இந்தத் துறையில் அன்றாட நடைமுறை. மரியாதையாகக் கேட்ட ஒரு திருத்தத்துக்காகக் கதையைக் கைவிடும் இதழில் உங்கள் கதை வராமல் இருப்பதே நல்லது.

நீங்கள் இதழுக்குக் கொடுப்பது ஒரு நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போன்றது. எந்த மொழியில், எந்த வடிவில், எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் குத்தகைச் சீட்டில் இருக்க வேண்டும். ‘எல்லா உரிமைகளும்’ என்பது கிரயப் பத்திரம். அதில் கையெழுத்துப் போட்டால் மறுபதிப்பு, ஒலி வடிவம், மொழிபெயர்ப்பு, உங்கள் சொந்தத் தொகுப்பு, திரைப்படம் எல்லாமே கையைவிட்டுப் போய்விடும். நாளைக்கு உங்கள் கதையை உங்கள் புத்தகத்தில் சேர்க்கவே அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். திரைப்படம் எல்லாம் நமக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். டெட் சியாங் 1998-இல் ஒரு தொகுப்பில் வெளியிட்ட குறுநாவல் 2016-இல்தான் ‘அரைவல்’ படமாக வந்தது. இடையில் 18 வருடங்கள். ஒரு கதைக்கு எப்போது, எந்தப் பக்கமிருந்து ஆள் வருவார்கள் என்று எழுதும்போது தெரியாது.

ஓர் இணைய இதழுக்கு உண்மையில் தேவைப்படுவது மூன்று உரிமைகள்தான். முதலாவது, ஆங்கிலத்தில் முதல்முறையாக, மின்வடிவில், உலகெங்கும் வெளியிடும் உரிமை. இரண்டாவது, வெளியான நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு வேறெங்கும் அந்தக் கதை வராமல் இருக்கும் தடைக்காலம். ஆறு மாதம் நியாயம், பன்னிரண்டு மாதம்வரை ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவது, தடைக்காலம் முடிந்த பிறகும் தங்கள் தளத்தில் கதையை வைத்திருக்கும் உரிமை. இந்த மூன்றாவது உரிமை மற்றவர்களைத் தடுக்காத உரிமையாக இருக்க வேண்டும். அவர்களிடமும் கதை இருக்கும், நீங்களும் வேறு இடத்தில் போடலாம். இதழில் ஒலி வடிவமும் உண்டென்றால் அதற்கான உரிமையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், அதற்குத் தனித் தொகையும் கேளுங்கள்.

இன்றே இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

“கதையை ஏற்றுக்கொண்டதற்கு மிக்க நன்றி. ஒப்பந்தத்தில் எல்லா உரிமைகளும் இதழுக்கு என்று உள்ளது. அதற்குப் பதிலாக, ஆங்கிலத்தில் முதல்முறை மின்வடிவில் உலகெங்கும் வெளியிடும் உரிமை, வெளியான நாளிலிருந்து ஆறு மாதத் தடைக்காலம், அதன்பின் பிறரைத் தடுக்காத காப்பக உரிமை என்று மாற்றித் தர இயலுமா? ஆண்டின் சிறந்த கதைத் தொகுப்புகளுக்குத் தடைக்காலத்திலிருந்து விலக்கு வேண்டும். திருத்திய பிரதி கிடைத்த அன்றே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறேன்.”

இவ்வளவு போதும். காரணம் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் இழுத்தடிப்பவர் இல்லை என்று எடிட்டருக்கு அது சொல்லும். சிறிய இதழ்கள் பல, எங்கிருந்தோ எடுத்த ஒப்பந்தப் படிவத்தை அப்படியே அனுப்பிவிடுகின்றன. சுட்டிக்காட்டினால் மாற்றிவிடுவார்கள். மாற்ற மாட்டோம் என்றால், ‘கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். கையெழுத்து விழாதவரை கதை முழுக்க உங்களுடையது.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை: எவ்வளவு தருகிறார்கள்? ஒப்பந்தத்தில் தொகையும், அது கைக்கு வரும் நாளும் இருக்கிறதா பாருங்கள். ‘வெளியான 30 நாட்களுக்குள்’ என்பது போன்ற திட்டமான வரி வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் சொல்கிறேன். அமெரிக்காவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கமான எஸ்எஃப்டபிள்யூஏ, தொழில்முறை விகிதத்தின் கீழ்வரம்பை 2019 செப்டம்பரில் சொல்லுக்கு 6 சென்ட்டிலிருந்து 8 சென்ட்டாக உயர்த்தியது. அந்தக் கணக்கில் 4,800 சொல்லுக்கு 384 டாலர். சொல்லுக்கு ஒரு சென்ட் தரும் இதழில் இதே கதைக்கு 48 டாலர்தான். குறைவாகத் தரும் இதழ் மோசமான இதழ் என்று அர்த்தமில்லை. ஆனால் குறைவாகக் கொடுத்துவிட்டு எல்லா உரிமையும் கேட்பது சரியில்லை. அதிகம் கொடுத்தாலும், ஒரு சிறுகதைக்குத் தரப்படும் எந்தத் தொகையும் எல்லா உரிமைக்கும் ஈடாகாது என்பதே என் கருத்து.

திருத்திய பிரதி வந்ததும் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். கையெழுத்திட்ட 12 அல்லது 18 மாதத்துக்குள் கதை வெளிவராவிட்டால் உரிமை தானாக உங்களிடம் திரும்ப வேண்டும். இந்த வரி இல்லாததால்தான் கதைகள் வருடக்கணக்கில் சிறையில் கிடக்கின்றன. இதழ் மூடப்பட்டிருக்கும், எடிட்டர் பதில் போடமாட்டார், கதையை வேறெங்கும் அனுப்பவும் முடியாது. பதிப்புரிமை உங்கள் பெயரில் என்று தெளிவாக இருக்க வேண்டும். எழுத்துப்பிழைத் திருத்தம் தவிர எந்த மாற்றமும் உங்கள் ஒப்புதலோடுதான் என்று இருக்க வேண்டும். ‘தார்மிக உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர் இல்லாமலும், கதையை மாற்றியும் வெளியிட வழிவிடும் வரி அது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கதையைக் கொடுக்கக் கூடாது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதே சங்கம் மாதிரி இதழ் ஒப்பந்தம் ஒன்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். அவர்கள் ஆதரவில் நடக்கும் ‘ரைட்டர் பிவேர்’ என்ற எச்சரிக்கைச் சேவை, சங்க உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் திறந்ததுதான். இதழின் பெயரையோ அதன் பதிப்பாளரின் பெயரையோ அங்கே தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இனி, திரும்பி வந்த அந்த மூன்று கதைகள். மூன்று நிராகரிப்பு என்பது ஒன்றுமே இல்லை. அதற்காகக் கதைகளைத் தளத்தில் போட்டதுதான் உண்மையான இழப்பு. ஒரு கதைக்கு ‘முதல் வெளியீடு’ ஒரு மொழியில் ஒரே முறைதான் நடக்கும். பெரும்பாலான இதழ்கள் விலை கொடுப்பது அதற்கே. சொந்தத் தளத்தில், எல்லாரும் பார்க்கும்படி போட்டாலே வெளியானதாகத்தான் கொள்வார்கள். அழித்துவிட்டு அனுப்பினாலும் கணக்கு மாறாது. தேடினால் நகல் கிடைத்துவிடும், உங்கள் நம்பகத்தன்மை போய்விடும். கடவுச்சொல் உள்ள வாசகர் குழுவில் கருத்துக் கேட்கப் பகிர்வதைப் பொதுவாக வெளியீடாகக் கருதுவதில்லை.

ஆனால் ஐந்தும் வீணாகிவிடவில்லை. தமிழில் போட்ட மூன்று கதைகளின் ஆங்கில முதல் உரிமை இன்னும் உங்களிடமே இருக்கிறது. பிறமொழியில் வெளியான கதையின் ஆங்கில வடிவத்தைப் புதியதாகக் கருதும் இதழ்கள் உண்டு, கருதாதவையும் உண்டு. விதிமுறையைப் பார்த்துவிட்டு, ‘இதன் தமிழ் வடிவம் இந்த ஆண்டு என் தளத்தில் வெளியானது’ என்று கடிதத்தில் சொல்லி அனுப்புங்கள். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் விதிகளும் இதை மதிக்கின்றன. வேறு மொழியில் முதலில் வந்த படைப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பில் முதன்முதலாக வெளியாகும் ஆண்டில் மீண்டும் தகுதி பெறும். ஆங்கிலத்தில் போட்ட இரண்டும் இனி மறுபதிப்புக் கதைகள். மறுபதிப்பை ஏற்கும் இடங்கள் இருக்கின்றன, குறிப்பாகக் கதைகளை ஒலி வடிவில் தரும் பாட்காஸ்ட்கள். 2005-இல் தொடங்கிய ‘எஸ்கேப் பாட்’ மறுபதிப்பை ஏற்கும் பழைய அறிவியல் புனைகதைப் பாட்காஸ்ட். மறுபதிப்புக்குத் தொகை குறைவு. ஆனால் காதால் கேட்பவர்கள் முற்றிலும் வேறு கூட்டம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீங்களே ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது, அப்படியே தொடருங்கள். அவசரத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பைத் தொடாதீர்கள். 2023 பிப்ரவரியில் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்ற அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் கதை வாங்குவதையே சில வாரங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. இப்போது அதன் விதியில், செயற்கை நுண்ணறிவுக் கருவியால் எழுதப்பட்டவை மட்டுமல்ல, மொழிபெயர்க்கப்பட்டவையும் ஏற்கப்படாது என்று இருக்கிறது. மீறினால் நிரந்தரத் தடை விழலாம். வேறு பல இதழ்களும் இதுபற்றி உறுதிமொழி கேட்கின்றன. இன்னொன்று, தமிழில் ஒரே சொல்லாக நிற்பது ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகப் பிரியும். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், புரியும். அதனால் சொல் எண்ணிக்கையை ஆங்கிலப் பிரதியில்தான் பார்க்க வேண்டும். விருதுகளின் வகைப்பாட்டில் 7,500 சொல்லுக்குள் இருப்பது சிறுகதை, அதிலிருந்து 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல்.

தளத்தில் போடாத கதைகள் இன்னும் எட்டு இருக்கின்றன அல்லவா? எட்டும் இந்த மாதமே எட்டு வெவ்வேறு இதழ்களில் இருக்க வேண்டும். ஒரு கதையின் பதிலுக்குக் காத்துக்கொண்டு மற்ற ஏழையும் பெட்டியில் வைத்திருப்பதுதான் பலரும் வருடங்களைத் தொலைக்கும் வழி. அதிகம் தரும், அதிகம் படிக்கப்படும் இதழில் தொடங்கிக் கீழே வாருங்கள். கீழிருந்து மேலே போக முடியாது, ஏனென்றால் ஏற்றுக்கொண்டுவிட்டால் முதல் உரிமை அங்கேயே செலவாகிவிடும். இதழ்களைத் தேட ‘சப்மிஷன் கிரைண்டர்’ என்ற இலவசத் தளம் இருக்கிறது. சொல் வரம்பு, வகை, தொகை எல்லாம் கொடுத்தால் பட்டியல் தரும், பதில் வர சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பதும் தெரியும். அதே வேலையைச் செய்யும் ‘டியூட்ரோப்’ 2013 முதல் சந்தா கேட்கிறது. முதலாவதே உங்களுக்குப் போதும். நீங்கள் அனுப்பும் கதையைப் பரிசீலிக்க உங்களிடமே கட்டணம் கேட்கும் இதழைத் தொடாதீர்கள். அறிவியல் புனைகதையில் பெயருள்ள இதழ்கள் அப்படிக் கேட்பதில்லை.

ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பலாமா என்பதை ஒவ்வொரு இதழின் விதியிலும் பார்க்க வேண்டும். அனலாக், அசிமோவ்ஸ், கிளார்க்ஸ்வேர்ல்ட் மூன்றும் அனுமதிப்பதில்லை. மீறி அனுப்பி இரண்டு இடத்திலும் ஏற்றுக்கொண்டால் ஓர் எடிட்டரின் வேலையை வீணாக்கியவர் ஆவீர்கள். இந்தத் துறை சிறியது, எடிட்டர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு விரிதாளில் கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, இதழ், அனுப்பிய நாள், விசாரிக்கலாம் என்று அவர்கள் சொல்லும் நாள், பதில், அடுத்த இதழ் என்று ஏழு பத்தி போடுங்கள். கடைசிப் பத்தியைக் கதையை அனுப்பும்போதே நிரப்பிவிடுங்கள். நிராகரிப்பு வந்த அன்று மனம் சோர்ந்திருக்கும், அந்த நேரத்தில் அடுத்த இதழைத் தேட உட்கார முடியாது. பெயர் தயாராக இருந்தால் பத்து நிமிடத்தில் கதை அடுத்த வாசலுக்குப் போய்விடும்.

இரண்டு வரிப் பதில் கதையின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் போகும் அச்சுப் பதில். கதையிலிருந்து ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால், கடைசிச் சுற்றுவரை போயிருக்கலாம் என்று கொள்ளுங்கள். ‘மேலும் பரிசீலிக்க வைத்திருக்கிறோம்’ என்று வந்தால் வேறெங்கும் அனுப்பாமல் பொறுத்திருங்கள். ‘திருத்தி அனுப்புங்கள்’ என்றால் அது வாக்குறுதி இல்லை. சொன்ன திருத்தம் கதைக்கு நல்லது என்று உங்களுக்கே தோன்றினால் மட்டும் செய்யுங்கள். நிராகரிப்புக்குப் பதில் எழுத வேண்டாம், நன்றி சொல்லிக்கூட.

கைப்பிரதியின் வடிவம் எளிது. 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குலம். முதல் பக்கத்தில் இடது மேல் மூலையில் பெயரும் மின்னஞ்சலும், வலது மேல் மூலையில் சொல் எண்ணிக்கையை நூற்றுக்கு முழுமையாக்கிப் போடுங்கள். தலைப்பு பக்கத்தின் நடுவில். இரண்டாம் பக்கத்திலிருந்து மேலே உங்கள் பெயர், தலைப்பில் ஒரு சொல், பக்க எண். காட்சி மாறும் இடத்தில் வெறும் இடைவெளி விடாமல் தனி வரியில் ஒரு # போடுங்கள். இடைவெளி பக்கத்தின் அடியில் விழுந்தால் காட்சி மாறியதே தெரியாது. பெயரில்லாத பிரதி கேட்கும் இதழுக்கு அனுப்பும்போது, மேல்வரியிலும் ஃபைலின் பெயரிலும் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தப்பு நடக்கிறது. கடிதம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம்: “‘—’ என்ற 5,200 சொல் கதையை உங்கள் பரிசீலனைக்கு அனுப்புகிறேன். இது இதற்கு முன் எந்த மொழியிலும் வெளியாகவில்லை. என் கதை ஒன்று ‘—’ இதழில் வெளிவர இருக்கிறது.” கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள். அதைக் கதையே சொல்ல வேண்டும்.

முதலில் படிப்பவர் பெரும்பாலும் எடிட்டர் அல்ல, அவருக்காகக் குவியலைச் சலிக்கும் வாசகர். முதல் பக்கத்திலேயே அவர் முக்கால் முடிவுக்கு வந்துவிடுவார். அறிவியல் கதைகள் அதிகம் விழும் இடமும் அதுவே. உலகத்தை முழுவதும் விளக்கிவிட்டுத்தான் ஆளைக் கொண்டுவருவேன் என்று கதை அடம்பிடிக்கும். உங்கள் டைட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை கழித்தல் 179 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு, ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு என்று முதல் பத்தியில் அடுக்கினால் அது பாடப்புத்தகம். ஒருத்தி கைநழுவ விட்ட ஸ்பேனர் தரையைத் தொடுவதற்குள் குனிந்து பிடித்துவிடுகிறாள் என்று எழுதினால் ஈர்ப்பு வந்துவிட்டது, ஆளும் வந்துவிட்டாள். இந்த வாசகர்கள் அறிவியலையும் சரிபார்ப்பவர்கள். ‘மறுநாள் காலை’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தால் உடனே பிடிப்பார்கள். டைட்டனில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய 16 பூமி நாட்கள். பெரிய மீத்தேன் ஏரிகளோ வட துருவத்தை ஒட்டி இருக்கின்றன, அங்கே சூரியன் வருடக்கணக்கில் உதிக்காமலும், வருடக்கணக்கில் மறையாமலும் இருக்கும். மெய்ப்பு உங்களிடம் வரும்போது எழுத்துப்பிழையோடு இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெய்ப்புக்குப் பெரும்பாலும் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள்.

அடுத்து, ஆட்களிடம் கொண்டுபோவது. லைக் போட ஒரு நொடி போதும். 4,800 சொல் படிக்க 25 நிமிடம் வேண்டும். உங்கள் பதிவு அந்த 25 நிமிடத்தைக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். ‘என் கதை வெளியாகியிருக்கிறது, படித்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்பது வாழ்த்துக் கேட்கும் பதிவு, அதனால் வாழ்த்து வருகிறது. கதையைக் கேட்க வைக்கும் பதிவு வேறு மாதிரி இருக்கும். கற்பனையாக ஒன்று:

“கடைசிக் கலம் புறப்பட்டு நாற்பது நாளாகிறது. ஏரிக்கரையில் விட்டுவந்த பம்ப் இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்தப் போனவள் திரும்பவில்லை. ஆனால் அவளிடமிருந்து அறிக்கை மட்டும் தவறாமல் வருகிறது. 4,800 சொல், 25 நிமிட வாசிப்பு. இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம்.” அடியில் நேராகக் கதைக்கே போகும் லிங்க். இதழின் முகப்புக்குப் போகும் லிங்க் வேண்டாம், அங்கிருந்து தேடிப் போகிறவர்கள் குறைவு.

வெளியான அன்று ஒரு பதிவு. ஒரு வாரம் கழித்து வேறு கோணத்தில் இன்னொன்று, கதைக்குப் பின்னால் இருக்கும் அறிவியலைப் பற்றி இருக்கட்டும். அதற்குமேல் அந்த மாதத்தில் வேண்டாம். கூடவே, இந்தக் கதை யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்து ஐந்து பேருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள், ஏன் அவருக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்து. முன்பின் தெரியாதவர்களின் இன்பாக்ஸில் போய் லிங்க் போடுவது வேண்டாம். வேறு எழுத்தாளர்களை டேக் செய்வதும் வேண்டாம். விமர்சனத்துக்குப் பதில் சொல்லாதீர்கள், தவறான விமர்சனமாக இருந்தாலும். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஒரு சிறுகதைக்கு விளம்பரத்தில் பணம் போடாதீர்கள். அது திரும்பி வர வழியே இல்லை.

முதல் பதிவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கதையைப் படித்து முடித்தவருக்கு இன்னொரு கதை வேண்டும் என்று தோன்றினால் எங்கே போவார்? இதழில் வரும் உங்களைப் பற்றிய குறிப்பில் (50 முதல் 100 சொல், படர்க்கையில்) உங்கள் தளத்தின் முகவரி இருக்க வேண்டும். அங்கே ஒரே பக்கத்தில் வெளியான கதைகள் அத்தனையும் பெயர், இதழ், மாதம், சொல் எண்ணிக்கை, லிங்க் என்று வரிசையாக இருக்கட்டும். அதே பக்கத்தில், புதிய கதை வரும்போது மின்னஞ்சல் பெறப் பதிவு செய்யும் பெட்டி ஒன்று. பதிவு செய்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் ஏற்கெனவே போட்டுவிட்ட அந்த இரண்டு கதைகளையும் மின்னூலாகக் கொடுங்கள். மறுபதிப்போடு, அவற்றுக்கு இதுவும் ஒரு நல்ல பயன். பதிவுகளை யாருக்குக் காட்டுவது என்று சமூக ஊடகம் தீர்மானிக்கும். மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். அதில் முப்பது பேர் சேர்ந்தாலும் முப்பது லைக்கைவிடப் பெரிது. கதை வரும்போது மட்டும் எழுதுங்கள்.

சிறுகதை உலகில் படிப்பவர்களில் கணிசமானவர்கள் எழுதுபவர்களும்தான். மற்றவர்களின் கதைகளைப் படித்து, பிடித்ததைப் பற்றி நான்கு வரி, ஏன் பிடித்தது என்று எழுதுங்கள். பதிலுக்கு உங்களைப் படிப்பார்கள் என்ற கணக்கில் செய்தால் ஒரு மாதத்தில் வெளியே தெரிந்துவிடும். கதைகளைத் தேடிப் பிடிக்கும் ஒருவர் என்று பெயர் வந்தால், உங்கள் கதை வரும்போது எட்டிப் பார்ப்பார்கள்.

வெளியான அன்றே கதைப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ தளத்திலும் அந்த முகவரியைக் கொடுத்துப் பதிந்துவிடுங்கள். இணைய இதழ்கள் மூடப்படும்போது தளமும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. அப்புறம் மறுபதிப்புக்கு அனுப்பும்போது எங்கே, எப்போது வெளியானது என்று காட்ட ஒன்றும் இருக்காது. ஆண்டின் சிறந்த கதைகளைத் தொகுப்பவர்களுக்கு இதழே பிரதி அனுப்புகிறதா என்று எடிட்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் தொகுப்பாளர்களின் அறிவிப்பைப் பார்த்து நீங்களே அனுப்பலாம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ, அந்த ஆண்டில் வந்த உங்கள் கதைகளை விருது வகைப்பாட்டோடு ஒரு பதிவில் எழுதுங்கள்: பெயர், இதழ், ‘சிறுகதை, 4,800 சொல்’, ஒரு வரி அறிமுகம், லிங்க். ஹியூகோ விருதுக்குப் பரிந்துரை செய்பவர்கள் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள். ஒருவர் ஒரு பிரிவில் ஐந்து படைப்புகள்வரை சொல்லலாம். ஆண்டு முழுவதும் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ள அவர்கள் இந்த மாதிரிப் பதிவுகளைத்தான் தேடுவார்கள். எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அறிவியல் கதைக்கு இன்னொரு வசதி உண்டு, வேறு வகைக் கதைகளுக்கு அது எளிதில் கிடைக்காது. அதன் களம் செய்தியில் திரும்பத் திரும்ப வரும். ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் டைட்டனில் இறங்கியது 2005 ஜனவரி 14. ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த நாளில் உங்கள் கதையை மறுபடி எடுத்துக்காட்டலாம். நாசாவின் ‘டிராகன்ஃபிளை’ என்ற பறக்கும் ஆய்வுக்கலம் 2028-இல் புறப்பட்டு 2034-இல் டைட்டனை அடையத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு தருணங்களிலும் டைட்டனைப் பற்றி எதையாவது படிக்க வேண்டும் என்று நிறையப் பேர் தேடுவார்கள். அப்போது இந்த இதழ் இருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கதையை உங்கள் தளத்தில் போடவும், ஒலி வடிவத்துக்குக் கொடுக்கவும், தமிழ் வடிவத்தை வெளியிடவும் அன்றைக்கு உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன ஒரு வாரத்தில் ஏற்கெனவே எத்தனை நாள் போய்விட்டது என்று தெரியவில்லை. மேலே எழுதிய மின்னஞ்சலை முதலில் அனுப்பிவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.